பதினைந்து சதவீதம் கொடுக்கலாமா? காரைக்குடியில் ஒரு கலைஞர் ஏஜென்சி பற்றி

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு மாடி. கீழே பாத்திரக்கடை, மேலே இரண்டு அறை. அங்கேதான் இந்த ஏஜென்சி நடக்கிறது. நாடகம், கரகாட்டம், நையாண்டி மேளம், பாட்டுக் கச்சேரி, சினிமா, சீரியல், விளம்பரம் என்று எதில் இருக்கிற கலைஞராக இருந்தாலும் அவருக்காகப் பேசி, சம்பளம் முடிவு பண்ணி, அக்ரிமெண்ட் பார்த்து, பணம் நம் கைக்கு வந்துசேரப் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. கூலி, நமக்கு வருகிற சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை. அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் நடத்துகிற சின்ன இடம். நம்மூர் நாடகக்காரர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பதினைந்தை மனதாரக் கொடுக்கிறேன். அடுத்த வருஷமும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கொஞ்ச நாளாக அவர்கள் கையில் எடுத்திருக்கிற ஒரு வேலை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் எழுதுகிறேன். வெளியூரிலிருந்து ஷூட்டிங் எடுக்க வருகிற கம்பெனிக்காரர்களிடம் எப்படிச் சம்பளம் பேசுவது என்று தெரியாமல் நிற்கிற கலைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைப் படிக்க வேண்டும்.

நான் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற மேடை நாடகத்தில், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி வேஷம்) போட்டவள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வள்ளி வேஷத்துக்கு இளம் பெண்கள் வந்துவிட்டார்கள், எனக்கு நாடகத் தேதிகள் குறைந்துவிட்டன. அதற்குப் பதிலாக ஷூட்டிங் எடுக்க வருகிறவர்கள் கண்டாங்கிச் சேலை கட்டிய ஆச்சி, மாமியார், அப்பத்தா என்று கூப்பிடுகிறார்கள். வசனத்தை ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வேன். விடிய விடிய மேடையில் நின்று பழகின கால். அதனால் டைரக்டர்களுக்கும் என்னைப் பிடிக்கிறது.

ஏஜெண்ட் என்பது எங்களுக்குப் புதிது இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தர நாடகக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், பபூன் (கோமாளி) புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஆர்மோனியம் திண்டுக்கல்லிலிருந்து வரும், ஸ்த்ரீபார்ட் நான் இங்கிருந்து போவேன். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அதை வைத்துக்கொண்டு விடியும் வரை வள்ளி திருமணம் நடந்துவிடும். மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் சீசன். இத்தனை பேரைக் கோத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் இல்லையா, அவர்தான் நாடக ஏஜெண்ட். கோயில் கமிட்டிக்காரர்கள் அவரிடம் போய் இந்த ராஜபார்ட் வேண்டும், இந்த பபூன் வேண்டும் என்று கேட்பார்கள். அவர் தேதி பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, எங்கள் போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார்.

அந்த ஏஜெண்ட் ஊர்க்காரர்களுக்கும் வேண்டியவர், எங்களுக்கும் வேண்டியவர். யாருக்காகப் பேசுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது பெரிய வில்லங்கமாக ஆகாததற்குக் காரணம், ரேட் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எவ்வளவு என்பது நாடகச் சங்கத்து வாசலில் டீ குடிக்கும்போதே பேச்சில் வந்துவிடும். ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அது மறைந்து கிடக்காது.

சினிமாவில் அந்த வாசல் கிடையாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று எந்தப் பெரிய வீட்டில் ஷூட்டிங் நடந்தாலும் உள்ளூரில் ஒரு கோ-ஆர்டினேட்டர் இருப்பார். ஆள் கொண்டுவருவதற்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வார். நமக்கு எவ்வளவு என்பது அவர் பார்த்துக் கொடுப்பதுதான்.

ஒரு சீரியலுக்காக இப்படி ஒருவர் மூலம் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஷூட்டிங் வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது உள்பகுதியில், உட்கார்ந்து மேக்கப் கலைத்துக்கொண்டிருந்தேன். கோ-ஆர்டினேட்டர் வண்டி எடுக்கப் போயிருந்தார். புரொடக்‌ஷன் பையன் நேரே என்னிடமே வவுச்சர் புத்தகத்தை நீட்டினான். என் பெயருக்கு எதிரே 3,500 என்று எழுதியிருந்தது. என் கைக்கு அதுவரை வந்துகொண்டிருந்தது நாள் ஒன்றுக்கு ஆயிரம்.

"தம்பி, இது மொத்த நாளுக்கா?"

"இல்லக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்."

பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோ-ஆர்டினேட்டர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து, வண்டி நான்தானே பிடிக்கிறேன், சாப்பாடு நான்தானே பார்க்கிறேன், நாளைக்கு ஆள் வரவில்லை என்றால் கம்பெனியிடம் ஏச்சு வாங்குவது நான்தானே என்று நியாயம் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கம்பெனியிடம் பணம் வாங்குகிறவர், கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். என் சம்பளத்தைக் கூட்டிப் பேசினால் அவர் லாபம் குறையும். அப்படி இருக்கிறவர் எனக்காக எப்படிப் பேசுவார்? எனக்கென்று பேசுகிறவருக்கு நான்தான் கூலி கொடுக்க வேண்டும் என்பது அங்கே விளங்கிவிட்டது.

(இந்த ஊரிலேயே ஒரு ஸ்டுடியோ இருந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டுத்தான் 1947-ல் வெளிவந்த நாம் இருவர் படத்தை எடுத்தார். அப்புறம்தான் கோடம்பாக்கம் போனார். அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். அதனால் ஏஜெண்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. மாதச் சம்பளம் போய் ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் பேச ஆரம்பித்த பிறகுதான் நமக்காகப் பேச ஒருவர் தேவைப்பட்டார். அமெரிக்காவிலும் நடந்தது இதேதான்.)

இனி ஏஜென்சிக்கு வருகிறேன். நடத்துகிற பெண் சென்னையில் நடிகர்களுடைய தேதியும் அக்ரிமெண்டும் பார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, தேவகோட்டையில் கல்யாணம் ஆகி வந்தவர். கணக்கு வழக்கு அவருடைய தம்பி. நான் போனதும் பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "அக்கா, உங்களுக்கு வேலை வந்தால்தான் எங்களுக்குக் காசு. அதுக்கு முன்னாடி பத்து ரூபாய்கூட வேண்டாம்" என்றார். இது ரொம்ப முக்கியம். பதிவுக்கு ஐயாயிரம், போட்டோ ஆல்பத்துக்குப் பத்தாயிரம் என்று முதலிலேயே கேட்கிறவர்கள் ஏஜெண்ட் இல்லை, அந்தக் கட்டணத்தில் பிழைக்கிறவர்கள். கலிபோர்னியாவில் இந்த மாதிரி முன்பணம் வாங்கி வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்வதைத் தடை செய்து 2010 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே நாம்தான் சுதாரித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் அவர்களுக்கும் உள்ள அக்ரிமெண்ட் தமிழில் நாலு பக்கம். வீட்டுக்கு எடுத்துப்போய் படித்துவிட்டு வாருங்கள் என்று கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். பணம் எப்போதும் கம்பெனியிலிருந்து நேரே என் வங்கிக் கணக்குக்கு வரும், நான்தான் கமிஷனை அவர்களுக்கு அனுப்புவேன். பேட்டாவிலும் பயணச் செலவிலும் கமிஷன் கிடையாது. நாடகத் தேதிகளை அவர்கள் தொடக் கூடாது, அது நானும் சங்கமும் பார்த்துக்கொள்வது. இது நான் கேட்டுச் சேர்த்தது. அவர்கள் பிடித்துத் தந்த வேலைக்கு, நான் விலகிப் போன பிறகும் பணம் வந்தால் இரண்டு வருஷம் வரை கமிஷன் என்று இருந்தது, பேசி ஒரு வருஷம் ஆக்கினேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "இப்படித்தான்க்கா கேட்கணும், கம்பெனிக்காரங்ககிட்டயும் இப்படியே கேட்போம்" என்றார்.

அவர்கள் வேலையின் தரம் எனக்குத் தெரிந்தது ஒரு நகைக்கடை விளம்பரத்தில். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் ஷூட்டிங். பேத்திக்குக் கழுத்துரு (செட்டிநாட்டுக் கல்யாண நகை) கட்டி அழகு பார்க்கிற ஆச்சி நான். கம்பெனி முதலில் சொன்ன தொகை எல்லாம் சேர்த்து 25,000. பழைய கோ-ஆர்டினேட்டராக இருந்தால் அதில் எனக்கு ஏழாயிரமோ எட்டாயிரமோ வந்திருக்கும், நானும் பெரிய தொகை என்று வாங்கியிருப்பேன். இந்தப் பெண் ஷூட்டிங் எத்தனை நாள் என்பதைக் கடைசியாகத்தான் கேட்டார். முதல் கேள்வி, விளம்பரம் எங்கெல்லாம் வரும், எத்தனை மாதம் வரும் என்பது. அக்ரிமெண்டை அனுப்பச் சொன்னார். அது முழுக்க ஆங்கிலம். அலுவலகத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தார். என் முகத்தையும் குரலையும் உலகம் முழுக்க, எந்த ஊடகத்திலும், காலத்துக்கும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அங்கே இருந்தது. 'காலத்துக்கும்' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 'ஒரு வருடம்' என்று எழுதினார். உலகம் முழுக்க என்பதை அடித்துத் தமிழ்நாடு, புதுச்சேரி என்று எழுதினார். நெட்டில் போடுவதற்குத் தனித் தொகை. அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், அக்கா முகம் பெரிய போர்டில் ரோட்டோரம் இருக்கப் போவுது. இருக்கிற வரைக்கும் வேற நகைக்கடைக்காரங்க யாரும் அக்காவைக் கூப்பிட மாட்டாங்க. அந்த நஷ்டத்துக்கு யார் பதில்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாள் வேலைக்குக் கூலி கேட்டு நான் பழகியிருந்தேன், அவர் கேட்டது ஒரு வருஷம் என் முகத்துக்கு வாடகை. தொகை 60,000-ல் முடிந்தது. அடுத்த வருஷமும் போட வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும். டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு 54,000 என் கணக்குக்கு வந்தது. கமிஷன் 9,000 அனுப்பினேன். 45,000 நின்றது. பிடித்த 6,000 ரூபாயை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம் என்று சொல்லி, அந்தத் தம்பியே உட்கார்ந்து தாக்கலும் செய்து கொடுத்தார். என் பெயரில் வரிக் கணக்கு என்று ஒன்று வாழ்க்கையில் அப்போதுதான் தாக்கல் ஆனது. இன்றைக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனால் காட்ட என்னிடம் காகிதம் இருக்கிறது. நாடகக்காரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எழுத்தில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. நடிக்கிறவர், பாடுகிறவர், ஆடுகிறவர் எல்லோருக்கும் அவரவர் நிகழ்த்திக் காட்டியதன் மேல் உரிமை உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. 2012-ல் அதைத் திருத்தினார்கள். ஆனால் சினிமாவில் நடிக்க எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் படத்தில் அதைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை அப்புறம் மறுக்க முடியாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. எல்லாம் அந்த 'ஒழிய'வில்தான் இருக்கிறது. அதை எழுதி வாங்குகிறவர்தான் நல்ல ஏஜெண்ட்.

இப்போது வருகிற அக்ரிமெண்டுகளில் இன்னொரு வரியையும் அந்தப் பெண் தேடித் தேடி அடிக்கிறார். நடிகரின் உருவத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் உண்டாக்கிக்கொள்ளலாம் என்கிற வரி. இதையும் சேர்த்துத்தான் 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலை நிறுத்தம் செய்தது. கேட்காமல், காசு கொடுக்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியது. அதே வருஷம் நடிகர் அனில் கபூர் தன் பெயர், குரல், உருவத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். அவர் பெரிய நடிகர், கோர்ட்டுக்குப் போக முடியும். என் குரலை எடுத்து நான் பாடாத பாட்டைப் பாட வைத்தால் நான் எங்கே போவேன்? மேடையில் தொண்டை கட்டினாலும் ராகம் விலகாமல் பாடி வளர்த்த குரல் இது. அந்த வரியை அடித்த ஒன்றுக்காகவே பதினைந்து சதவீதம் கொடுக்கலாம் என்பேன்.

பதினைந்து அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஹாலிவுட்டில் ஏஜெண்ட் பத்துதானே வாங்குகிறார் என்பார்கள். உண்மைதான், அங்கே நடிகர் சங்கத்து விதிப்படி ஏஜெண்டுக்குப் பத்து. ஆனால் அங்கே ஏஜெண்ட் வேறு, மேனேஜர் வேறு. கலிபோர்னியாவில் வேலை பிடித்துத் தருவது லைசென்ஸ் வாங்கிய ஏஜெண்ட் மட்டுமே செய்ய வேண்டியது. எந்த வேலையை ஒப்புக்கொள்வது, எதை விடுவது என்று யோசனை சொல்லக் கூடவே மேனேஜர் இருப்பார், அவருக்குத் தனியாகப் பத்தோ பதினைந்தோ. அக்ரிமெண்ட் பார்க்கிற வக்கீலுக்கு ஒரு ஐந்து. கூட்டிப் பார்த்தால் கால் பங்கோ அதற்கு மேலோ போய்விடும். இங்கே மூன்று வேலையையும் இரண்டு பேரே பார்க்கிறார்கள். அவர்கள் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டிக்குள் வந்தால் கமிஷன் மேல் 18 சதவீதம் சேரும், அதையும் அக்ரிமெண்டில் முன்கூட்டியே எழுதியிருக்கிறார்கள். இப்போது அது இல்லை.

ஆனால் கரகாட்டக்காரர்களுக்கும் நையாண்டி மேளத்துக்கும் அதே பதினைந்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நகைக்கடைக்காரர் வேறு, ஊர்க் கமிட்டி வேறு. ஒரு செட்டில் எட்டுப் பத்துப் பேர் போகிறார்கள், நாயனம், தவில், பம்பை, ஆட்டக்காரர்கள், வேன் வாடகை எல்லாம் அந்த ஒரு தொகைக்குள்தான். அக்ரிமெண்ட் என்று பார்க்க அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை, இருப்பது ஒரு பக்கக் காகிதம். உழைப்பு குறைவான இடத்தில் கமிஷனும் குறைய வேண்டும், பத்து போதும். இதை அவர்களிடமே சொன்னேன். யோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் மாற்றவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆத்தங்குடியில் ஒரு படத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வேண்டும் என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். நான் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் முதலில் கேட்டது, கலெக்டர் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்பது. சட்டப்படி பிள்ளைகளை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் வங்கியில் டெபாசிட் போட வேண்டும். 2017-லிருந்து இது விதி. மேனேஜர் இதெல்லாம் இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லையே என்றார். நாங்கள் கேட்போம் என்றார் இவர். அந்த வேலை கைவிட்டுப் போனது, வேறு கோ-ஆர்டினேட்டரிடம் போய்விட்டார்கள். பத்துப் பிள்ளைகள் கமிஷன் போனது. தம்பிக்கு மனசு கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண் அடுத்த போனை எடுத்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன்.

இவர்கள் இப்போது வீடு பிடித்துக் கொடுக்கிற வேலையும் ஆரம்பித்திருக்கிறார்கள். ஷூட்டிங்குக்குச் செட்டிநாட்டு வீடு வேண்டும் என்று கேட்டால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மொட்டை மாடி எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பி, வீட்டுக்காரர்களிடம் பேசி, பர்மிஷன் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதற்குக் கமிஷன் கம்பெனியிடமிருந்து வாங்குகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே படம். காலையில் வீட்டுக்குக் கம்பெனியிடம் கமிஷன் வாங்கிவிட்டு, மத்தியானம் என் சம்பளத்துக்காக அதே கம்பெனியோடு எப்படிச் சண்டை போடுவார்கள்? வீட்டு வாடகையில் வருகிற கமிஷன் என் கமிஷனைவிடப் பல மடங்கு. சண்டை போட்டால் அடுத்த படத்துக்கு வீடு கேட்டு வர மாட்டார்களே என்கிற நினைப்பு, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், உள்ளே வந்துவிடும்.

நான் கற்பனை பண்ணிப் பயப்படவில்லை. உலகத்தில் பெரிய ஏஜென்சிகளே இதில்தான் சிக்கின. அமெரிக்காவில் எம்சிஏ என்று ஒன்று இருந்தது, பெரிய பெரிய நடிகர்களுக்கெல்லாம் அதுதான் ஏஜெண்ட். 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், நடிகனுக்காக அவ்வளவு தூரம் பேசினவர்கள். அதே கம்பெனி அப்புறம் டிவி நிகழ்ச்சி தயாரிக்க ஆரம்பித்தது, யுனிவர்சல் ஸ்டுடியோவையும் கையில் எடுத்தது. சம்பளம் கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே ஆள் என்றாகிவிட்டது. 1962-ல் அரசாங்கம் தலையிட்டு, ஏஜென்சியை விட்டுவிடச் சொன்னது, விட்டார்கள். இது பழைய கதை என்றால், 2019-ல் அங்கே எழுத்தாளர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் தங்கள் ஏஜெண்டுகளை விலக்கினார்கள். எழுத்தாளர், டைரக்டர், நடிகர் எல்லோரையும் மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு அதற்குக் கட்டணத்தை ஏஜென்சிகள் தயாரிப்பாளர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் எங்கள் ஆளா, அவர்கள் ஆளா என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். கடைசிப் பெரிய ஏஜென்சி 2021-ல்தான் எழுத்தாளர் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அந்தக் கட்டணம் வாங்குவதை நிறுத்தவும் ஒப்புக்கொண்டது.

இதை அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னேன். "அக்கா, கலைஞர்கள் கமிஷனை மட்டும் நம்பினால் மாடி வாடகை கட்ட முடியலை" என்றார். அவர் சொல்வதும் உண்மை. ஆடி முடிந்தால் மேடை வேலை ஓய்ந்துவிடும், ஷூட்டிங் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் இரண்டு யோசனை சொன்னேன். வீட்டு வேலையை வேறு ஆளிடம், வேறு பெயரில், வேறு கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். அது முடியாவிட்டால், ஒரு கம்பெனிக்கு வீடு பிடித்துக் கொடுத்திருந்தால், அதே கம்பெனியில் எனக்கு வேலை வரும்போது அந்த விஷயத்தை முதலிலேயே என்னிடம் சொல்லட்டும், எவ்வளவு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து. இரண்டாவதுக்கு ஒத்துக்கொண்டார்கள். வாய் வார்த்தையாகத்தான். அடுத்த வருஷ அக்ரிமெண்டில் அதை எழுத வைப்பேன்.

சின்னக் குறைகளும் உண்டு. ஷூட்டிங் இருக்கிற நாளில் போனை எடுப்பதில்லை, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் திருப்பிக் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்த, போனில் தானே வீடியோ எடுத்து அனுப்பத் தெரிந்த இளம் பிள்ளைகளுக்கு வேகமாக வேலை வருகிறது. என் மாதிரி ஆட்களுக்கு யாராவது இந்த முகம் வேண்டும் என்று கேட்டால்தான் வருகிறது. நான் கேட்ட பிறகு என் நாடகத்திலிருந்து ஒரு பத்து நிமிஷத்தை வீடியோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்து ஒரு சீரியல் வந்தது. கேட்டால் செய்கிறார்கள், கேட்காமலே செய்ய வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் போகலாம், மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை இருக்க மாட்டார்கள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் மூன்றும் வேண்டும். பான் இல்லை என்றால் டிடிஎஸ் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், அதை முதலில் வாங்கிவிட்டுப் போங்கள். நாடகச் சங்க அட்டையோ நடிகர் சங்க அட்டையோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டீஸ்கள் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள், அதில் உங்கள் பெயர் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதைக் காட்டித்தான் சம்பளம் பேசுகிறார்கள். அக்ரிமெண்டை அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், அவர்களே அதை விரும்புவதில்லை. வீட்டுக் கமிஷன் விஷயத்தை நீங்களும் கேளுங்கள். நான் ஒருத்தி கேட்டு வாய் வார்த்தை வாங்கியிருக்கிறேன், நாலைந்து பேர் கேட்டால் எழுத்தில் வந்துவிடும்.